பந்தின் மேல் ஒரு பிள்ளையார் சுழி

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு வந்த புதிதில், ஒருநாள் காலை பால் வாங்கப் போகும் வழியில் நான்கு பெரிய மனிதர்கள் தூறலில் குனிந்து புல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். மோதிரம் தொலைந்திருக்கும் போல என்று நானும் நின்று பார்த்தேன். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து ஏதோ சொன்னதும் நால்வரும் சட்டென்று நிமிர்ந்துவிட்டார்கள். அதே நேரத்தில் வேலிக்கு வெளியே நின்ற என் கண்ணில் அந்த வெள்ளைப் பந்து பளிச்சென்று பட்டது. "இதோ இதோ!" என்று குதிக்காத குறையாகக் காட்டினேன். பந்துக்காரர் நன்றி சொல்லி அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு மழையில் அவ்வளவு தூரமும் திரும்பி நடந்து போய், பழைய இடத்திலிருந்து வேறு பந்தை அடித்தார். தேடுவதற்கு மூன்று நிமிடம்தானாம். அது முடிந்துவிட்டால், பந்து கண்ணெதிரே கிடந்தாலும் தொலைந்தது தொலைந்ததுதானாம். பால் வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன். எனக்குக் கோல்ஃப் பித்துப் பிடித்தது அன்றைக்குத்தான்.

விதிகள் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. மேற்கு மாம்பலத்தில் எங்கள் சந்தில் நடந்த கிரிக்கெட்டுக்கு என் தம்பி குமார்தான் சட்டசபை, நீதிமன்றம் எல்லாம். பந்து வக்கீல் வீட்டுச் சுவரைத் தாண்டினால் அவுட். நிறுத்திவைத்த ஆட்டோவுக்கு அடியில் போனால் இரண்டு ரன். மாட்டின் மேல் பட்டால் அந்தப் பந்து கணக்கில் இல்லை. சாக்கடையில் விழுந்தால் அடித்தவனே எடுத்துக் கழுவித் தர வேண்டும். குமார் அவுட் ஆகும் நாட்களில் மட்டும் அதுவரை யாரும் கேள்விப்படாத விதி ஒன்று முளைக்கும். மாடிப்படியில் உட்கார்ந்து நான் கத்துவேன், "டேய், நேத்து அப்டி சொல்லலியே!" அவன் அசராமல் சொல்வான், "நேத்து நேத்து, இன்னிக்கு இன்னிக்கு."

இங்கே அப்படி இல்லை. எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. படிக்கப் படிக்க எனக்குத் தலை சுற்றியது, கூடவே சந்தோஷமும் பொங்கியது. குறைந்த அடிகளில் பந்தைக் குழிகளில் போட்டு முடித்தவர்தான் ஜெயிப்பார். பந்துக்குப் பக்கத்தில் உதிர்ந்து கிடக்கும் இலையைப் பொறுக்கி எறியலாம், ஆனால் முளைத்து நிற்கும் புல்லில் ஒன்றைக்கூடக் கிள்ளக் கூடாது. மணல் குழியில் விழுந்தால் அடிக்கும் முன் பந்தைச் சுற்றியுள்ள மணலில் மட்டை படக் கூடாது. நின்ற பந்தைக் காக்கா தூக்கிப் போனால் தண்டனை இல்லை, அதே இடத்தில் இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம். இப்படியெல்லாம் உட்கார்ந்து யோசித்தவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் எங்கள் சந்தில் பிறந்திருக்க வேண்டியவர்கள் என்று தோன்றியது. மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் என் வேலை முடிந்ததும் நேராக மைதானத்துக்கு ஓடுவேன். பேக்கரி வைத்திருக்கும் மொராக் என்ற பெண்ணும் என்னோடுதான் ஆடத் தொடங்கினாள்.

இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கென்று ஒரு கோப்பைப் போட்டி வைத்தார்கள். ஜெயித்தவர் பெயரைக் கிளப் சுவரில் இருக்கும் மரப்பலகையில் தங்க எழுத்தில் பொறிப்பார்கள். அந்தப் பலகையை நான் பலமுறை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். அதில் நம் ஊர்ப் பெயர் ஒன்றுகூட இல்லை. என் பெயரை அங்கே எழுதினால் எழுதுபவர் எத்தனை இடத்தில் தடுமாறுவார் என்று நினைத்து நினைத்துச் சிரித்துக்கொள்வேன். எனக்கு அது வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பவும் வேண்டும்.

அவரவர் பந்தை அடையாளம் தெரிந்துகொள்ள அதில் ஏதாவது குறி போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். மொராக் நீலத்தில் இரண்டு புள்ளி வைத்தாள். நான் யோசிக்கவே இல்லை, பிள்ளையார் சுழி போட்டேன். போட்டியில் அவளும் நானும் ஒன்றாக ஆடினோம். ஒருவர் கணக்கை மற்றவர் எழுத வேண்டும் என்பதும் ஒரு விதி. பதினேழாவது குழி வரைக்கும் இருவரும் சமம். மற்ற பெண்களெல்லாம் வெகுதூரம் பின்தங்கிவிட்டார்கள். பதினெட்டாவது, கடைசிக் குழிக்கு ஆடும்போதுதான், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே பின்னால் ஓரடி வைத்தேன். என் ஷூ பந்தின் மேல் லேசாக உரசியது. பந்து அசையவில்லை. ஆனால் மேலே சுழி இருக்கிறதே! என் கை என்னைக் கேட்கவில்லை. குனிந்து பந்தை விரலால் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, நிமிர்ந்து அருமையாக ஓர் அடி அடித்தேன்.

மொராக் ஓடி வந்து ஒரு டிஷ்யூ காகிதத்தை நீட்டினாள். கண்ணில் புல் விழுந்துவிட்டதா என்று கேட்டாள். எனக்கு ஒரே உற்சாகம். இல்லை இல்லை, கால் பட்டால் எங்கள் ஊரில் இப்படித்தான் தொட்டு மன்னிப்புக் கேட்போம் என்று நடந்துகொண்டே விலாவாரியாக விளக்கினேன். அவள் முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது. "ஐயோ, இதை நீ என்னிடம் சொல்லியிருக்க வேண்டாமே" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசிக் குழியையும் இருவரும் சமமாகவே முடித்துவிட்டுக் கிளப் செயலாளரிடம் போனோம். அவர் நடந்ததைக் கேட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினார். தெரியாமல் கால் பட்டு, பந்தும் அசையாததால் அதற்கு ஒன்றுமில்லை. நின்ற பந்தை வேண்டுமென்றே கையால் தொட்டதற்குத்தான் தண்டனை, என் கணக்கில் ஓர் அடி கூடும். அதாவது உதைத்தது குற்றமில்லை, மன்னிப்புக் கேட்டதுதான் குற்றம். ஓர் அடியில் கோப்பை மொராக்கிடம் போனது. அதை வாங்கும்போது அவள் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. நான்தான் எல்லோரையும் விடச் சத்தமாகக் கை தட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் குமாரைப் போனில் கூப்பிட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு அவன் கத்தினான், "இன்னாக்கா நீ! அந்தம்மா கண்ணுல தூசுன்னுதானே நெனச்சுது? நீயே வாயக் குடுத்து மாட்டிக்கினியா?"

"தெரியாமத்தான்டா சொன்னேன்."

"தெரிஞ்சிருந்தா?"

கொஞ்சம் யோசித்தேன். "தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருப்பேன்டா. இங்க அம்பயரே கெடையாது. நம்மளேதான் சொல்லணும்."

 உடனே அவனுடைய அந்தப் பழைய சட்டசபைக் குரல் வந்தது. "இரு இரு. தொட்டாதானே ஃபைன்? தொடாத. ஒரு சாண் மேல, காத்துல தொட்டு ஒத்திக்கோ. அதுக்கு எதுனா ரூல் கீதா?"

மறுநாளே செயலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் வெகுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, காற்றைத் தொடுவதற்குத் தண்டனை எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொன்னார். எனக்குக் கோப்பையே கிடைத்ததைப் போல இருந்தது. அன்றிலிருந்து பந்தில் கால் பட்டால் என் கை ஒரு சாண் உயரத்தில் நின்று, அங்கிருந்தே கண்ணுக்கு வந்துவிடும். நான்கைந்து மாதத்தில் அது நன்றாகப் பழகிவிட்டது.

போன மாதம் சென்னைக்குப் போயிருந்தேன். குமாரோடு ரங்கநாதன் தெருவில் நெருக்கியடித்துக்கொண்டு போனபோது, தரையில் துணி விரித்து ஹேர்கிளிப் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் முழங்காலில் என் கால் இடித்துவிட்டது. சட்டென்று குனிந்தேன். கை அவர் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றது. அங்கிருந்தே கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அந்த அம்மா என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா, மேல கை பட்டா ஒட்டிக்குமா?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அவரிடம் எந்தப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டுவேன்? கூட்டம் முதுகில் இடிக்க, அப்படியே உட்கார்ந்து அவர் முழங்காலை உள்ளங்கையால் அழுத்தித் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். "சரி சரி, எய்ந்துரும்மா, மிதிச்சிருவாங்க" என்று அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தபடிதான் எழுந்தேன். ஆனால் எழும்போதே என் மனம், யாரும் கேட்காமல், ஓர் அடியைக் கூட்டி எழுதிக்கொண்டது.