ஒரே ஒரு குழந்தைக்கு ஒரு குப்பி

எங்கள் சுகாதார நிலையத்தில் அவரை எல்லோரும் ஊசியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷமாகப் பிறந்த குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பூசி போட்டவர். இடது தோளில், மேல்தோலுக்குள்ளேயே மருந்து நின்று பருப்பு அளவுக்கு மேடு எழும்ப வேண்டும். கொஞ்சம் ஆழமாக இறங்கினால் போச்சு. அவருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் தோள்தான் அவர் கண்ணில் படும்.

"மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் சட்டையைக் கழட்டச் சொல்லுவீங்க போல" என்பேன்.

"தழும்பு இருந்தாத்தான் சார் பொண்ணு" என்பார்.

மருந்து வைக்கும் குளிர்பெட்டிக்கு நான் பொறுப்பாளன். சிடுமூஞ்சி என்று எனக்குப் பெயர். ஒரு குப்பியில் இருபது குழந்தைகளுக்கு மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் சில மணி நேரம்தான், அப்புறம் மீதியைக் கொட்ட வேண்டும். ஏன் கொட்டினாய் என்று மேலிடம் கேட்டால் பதில் எழுதுவது யார்? அதனால் வாய்மொழியாக ஒரு சட்டம் போட்டேன். ஐந்து குழந்தைகளாவது சேர்ந்தால்தான் குப்பி. இல்லாவிட்டால் நிறையக் குழந்தைகள் வரும் செவ்வாய்க்கிழமைதான். எந்த உத்தரவிலும் அப்படி இல்லை, என் வசதிக்கு நான் போட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை ஊசியம்மாவின் தம்பி மகள் பதினைந்து நாள் பெண் குழந்தையோடு வந்தாள். பிரசவம் பார்த்த இடத்தில் ஊசி மருந்து தீர்ந்துபோயிருந்ததாம். அன்று வேறு குழந்தை இல்லை. ஊசியம்மா என்னைப் பார்த்தார். நான் தலை நிமிரவில்லை.

"செவ்வாய்க்கிழமை வந்துடு கண்ணு. சொந்தக்காரின்னு ஒரு குப்பியை உடைச்சா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"சரி அத்தை."

செவ்வாயன்று குழந்தைக்குக் காய்ச்சல். அடுத்த செவ்வாய்க்குள் அவளைக் கணவன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அங்கே மாமனார் இருமிக்கொண்டே இருந்தார். பீடி இருமல் என்று விட்டுவிட்டார்கள். நான்காம் மாதம் குழந்தைக்கு வலிப்பு வந்தது. காசநோய்க் கிருமி மூளை வரை போயிருந்தது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனது.

"ஊசி போட்டிருந்தாலும் பிழைச்சிருக்கும்னு உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். ஊசியம்மா தலையாட்டினார். வெளியே வந்து என்னிடம் சொன்னார்.

"மத்தவங்க பிள்ளையா இருந்தா உங்ககிட்ட சண்டை போட்டாவது திறந்திருப்பேன் சார்."

என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதன் பிறகு ஒரு குழந்தை வந்தாலும் குப்பி திறந்தோம். மேலிடம் கேட்டபோது நானே சுடச்சுடப் பதில் எழுதினேன். யாருக்கு என்ன பிரயோஜனம்?

மூன்று வருஷம் கழித்து, ஊசியம்மா ஓய்வுபெற நான்கு நாள் இருக்கும்போது, அந்தப் பெண் மறுபடி வந்தாள். கையில் ஆண் குழந்தை. வாசல் பெஞ்சைப் பார்த்தாள். காலியாக இருந்தது. உள்ளே வராமலே கேட்டாள்.

"இன்னைக்கு இவன் ஒருத்தன்தான் போல. செவ்வாய்க்கிழமை வரட்டுமா அத்தை?"

குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

ஊசியம்மா குழந்தையை வாங்கி உள்ளே கொண்டுவந்தார். குப்பியை நான்தான் எடுத்து உடைத்தேன். அவர் அழுதுகொண்டே போட்டார். மேடு சரியாக எழும்பியது. சாயங்காலம் மீதி மருந்தை நானே கொட்டினேன், பத்தொன்பது குழந்தைகளுக்கானது.