ஸ்வெட்டர் போட மறுத்தவரும் கழற்ற மறுத்தவரும்

அந்த மார்கழியில் தூத்துக்குடியில் மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தூங்கினோம். வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய செய்தியாகத் தெரியாது. எங்கள் ஊரில் கரண்ட் போனால் ஒழிய மின்விசிறி நிற்காது. அப்படிப்பட்ட ஊரில் வாடைக்காற்று விடாமல் அடித்தது. காலையில் உப்பளத்து வேலைக்குப் போகிறவர்கள் தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு சைக்கிள் மிதித்தார்கள். குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் சுரீர் என்றது. வடக்கே இருப்பவர்கள் இதைக் குளிர் என்றே சேர்க்க மாட்டார்கள் என்பது தெரியும். ஆனால் நாங்கள் வடக்கே இல்லையே.

என் கணவர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர். அந்த ஐப்பசியில்தான் எங்கள் தெரு நலச் சங்கத்தில் புவி வெப்பமாவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருந்தார். திரையில் படம் காட்டி, பனிமலை உருகுவதையும் கடல் ஏறுவதையும் விளக்கினார். நல்ல கைதட்டல். என் அண்ணன் மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டான். அவன் மின்விசிறியும் ஏர்கூலரும் விற்கும் கடைக்காரன். அடுத்த தெருவில் வீடு. தினமும் காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பான். இரண்டு பேரும் துறைமுகச் சாலையில் நடந்துவிட்டு வந்து என் கையால் டீ குடிப்பார்கள்.

குளிர் தொடங்கிய மறுநாள் கதவைத் திறந்த எனக்கு வந்திருப்பது யாரென்றே தெரியவில்லை. மங்கி குல்லா, கழுத்தில் மப்ளர், எப்போதோ ஊட்டிக்குப் போனபோது வாங்கிய சிவப்பு ஸ்வெட்டர், செருப்புக்குள் சாக்ஸ். குல்லாவுக்குள்ளிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"எங்க மாப்ள? பூமி சூடாகுதுன்னு சொன்னாரே, எந்தப் பக்கமா சூடாகுதுன்னு காட்டச் சொல்லு. கொஞ்ச நேரம் அங்கன போய் நிப்போம்."

என் கணவர் அரைக்கைச் சட்டையோடு வெளியே வந்தார். ஸ்வெட்டரைத்தான் கையில் எடுத்திருந்தார், நான் பார்த்தேன். அண்ணன் குரலைக் கேட்டதும் அதைக் கட்டிலில் போட்டுவிட்டார்.

"மச்சான், ஒரு வாரத்துக் குளிரு வேற. முப்பது வருஷத்துப் பருவநிலை வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீய."

"முப்பது வருஷத்தையா மாப்ள போத்திக்கிட்டுப் படுக்க முடியும்? எனக்கு இன்னைக்குக் குளிருது."

அன்றிலிருந்து என் கணவர் ஸ்வெட்டரைத் தொடவில்லை. கேட்டதற்கு, "நான் ஸ்வெட்டரோட போனா ஒங்க அண்ணன் ஊர் பூரா சொல்லிச் சிரிப்பாரு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க என்ன நினைக்கும்?" என்றார். வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு பாடம் நடத்தினார். பிள்ளைகள் அதை அடக்கம் என்று நினைத்திருக்கும்.

அண்ணன் கதை வேறு. எங்கள் ஊரில் எவ்வளவு குளிர்ந்தாலும் பத்து மணிக்கு மேல் வெயில் அடித்துவிடும். அவன் அப்போதும் குல்லாவைக் கழற்றவில்லை. ஒரு நாள் மத்தியானம் கடைக்குப் போனேன். முகமெல்லாம் வியர்வை. கல்லாவுக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, கீழே அவன் மப்ளரோடு உட்கார்ந்திருந்தான்.

"கழட்டேன் அண்ணே."

"சும்மா இரு புள்ள. ஒன் வீட்டுக்காரரு இந்த வழியா வாராரோ என்னமோ."

கடை முகப்பில் புதிதாக இறக்கிய வாட்டர் ஹீட்டர்களை அடுக்கி வைத்திருந்தான்.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அன்று சாயங்காலம் கணவரிடம், "அண்ணன் குல்லாயக் கழட்டிட்டான். கடைல விசிறிக்கிட்டு இருக்கான்" என்றேன். விசிறியது மின்விசிறிதான் என்று சொல்லவில்லை. அவருக்கு வந்த சந்தோஷத்தில் மறுநாள் சட்டையின் மேல் பட்டனையும் திறந்துவிட்டுக்கொண்டு நடக்கப் போனார். அண்ணனிடம், "அவரு என் பழைய சீலைய ரெண்டா மடிச்சுப் போத்திக்கிட்டுத் தூங்குதாரு" என்றேன். அது சத்தியமான உண்மை. அதைக் கேட்ட உற்சாகத்தில் அவன் ஒரு பனியனைக் கூடுதலாக ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டான்.

அந்த வாரம் நான் வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்ட் ஆபீசுக்கு இரண்டு மாலுமிகள் வந்தார்கள். குளிர்தேசத்து ஆட்கள். நாங்கள் எல்லோரும் சால்வைக்குள் இருந்தோம். அவர்கள் அரைக்கால் சட்டையில் வந்து, ஏசியைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார்கள். வீட்டில் வந்து சொன்னேன். கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதுல அறிவியல் ஒண்ணும் கிடையாது, பழக்கம்தான். ஆனா ஒங்க அண்ணன்ட்ட மறக்காம சொல்லு."

பொங்கல் விடுமுறையில் அண்ணன் குடும்பத்தை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தோம். அவன் வந்ததும் வராததுமாக ஆரம்பித்தான். "வெப்பமாகுது, வெப்பமாகுதுன்னு ஊர ஏமாத்துதாவ. கண்ணு முன்னாடி பாக்கோம்லா, எல்லாம் கட்டுக்கதை."

எனக்கு அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. வருஷா வருஷம் கோடைக்கு முன்னால் அவன் கடைக்கு ஒரு நோட்டீஸ் அடிப்பான். எழுதிக் கொடுப்பது நான். மிச்சக் கட்டு எங்கள் பீரோவில் கிடந்தது. ஒன்றை உருவி எடுத்து, அதில் நாலு உளுந்தவடையை வைத்து அவன் கையில் கொடுத்தேன்.

மூன்று வடை வரை அவன் கவனிக்கவில்லை. நாலாவதை எடுத்ததும் எண்ணெய் ஊறிய எழுத்து தெளிவாகத் தெரிந்தது. 'ஆண்டுதோறும் கூடும் வெயில்! இனி விசிறி ஒன்று போதாது! இன்றே வாரீர்!' கீழே அவன் கடைப் பெயர்.

கணவர் எட்டிப் பார்த்துச் சத்தமாக வாசித்தார். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது யாவாரத்துக்கு எழுதுனது" என்றான் அண்ணன்.

"அப்ப இந்த மங்கி குல்லா ஹீட்டர் யாவாரத்துக்கா மச்சான்?"

அண்ணன் கையிலிருந்த வடையை வாயில் போட்டான். மென்று முடித்தான். பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சம் இறங்கிய குரலில் பேசினான். "உள்ளதச் சொன்னா, நான் கடை போட்ட புதுசுல பங்குனி கழிஞ்சுதான் ஃபேன் கேட்டு வருவாவ. இப்ப மாசி பொறந்ததுமே வந்து நிக்காவ. அது எனக்கும் தெரியும்." உடனே சுதாரித்துக்கொண்டான். "அதுக்காக இன்னைக்குக் குளிரலைன்னு சொல்லிருவேனா?"

"குளிரலைன்னு நான் எப்பச் சொன்னேன்?" என்று கேட்ட என் கணவர், அதே மூச்சில் ஏழு தும்மல் போட்டார்.

மறுநாள் அவருக்குக் காய்ச்சல். தெருமுனை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அங்கே பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்து முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தான். உடம்பு முழுக்க வேர்க்குரு. டாக்டரம்மா இருவரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார், எங்கள் குடும்பத்தை அவருக்குப் பல வருஷமாகத் தெரியும். அண்ணனின் முதுகைப் பார்த்தவர், "தை மாசத்துல வேர்க்குருவா?" என்று சிரித்தார். பிறகு என் கணவரைக் காட்டி, "அந்த ஸ்வெட்டரக் கழட்டி இவருக்குக் குடுங்க. ரெண்டு பேருக்கும் பாதி வைத்தியம் முடிஞ்சிரும்" என்றார்.

அண்ணன் கழற்றினான். என் கணவர் கையை நீட்டி வாங்கும்போது, "இது மருந்துக்கு. வாதத்துல தோத்துப் போயி இல்ல" என்றார்.

"சரி மாப்ள, போடுங்க. நீங்கதான் சட்டப் பட்டனத் தெறந்து போட்டுக்கிட்டுத் திரிஞ்சிய."

"நீங்க கடைல குல்லாயக் கழட்டிட்டியன்னு கேள்விப்பட்டுத்தான்."

"நானா? ஒறங்கும்போதுகூடக் கழட்டலையே! யாரு சொன்னா?"

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை வாசித்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தார்.

"சும்மா ஒரு தமாசுக்கு" என்றேன்.

அதற்கப்புறம் பத்து நாள் இரண்டு பேரும் நடந்துவிட்டு வந்து என்னிடம் டீ குடிக்கவில்லை. பேசிவைத்துக்கொண்டு துறைமுகச் சாலை டீக்கடையில் குடித்தார்கள். பூமி சூடாகிறதா இல்லையா என்பதில் இன்னமும் அவர்களுக்குள் ஒற்றுமை வரவில்லை. என்னை நம்பக்கூடாது என்பதில் மட்டும் வந்துவிட்டது. தை முடிவதற்குள் வாடை நின்று, மின்விசிறி பழையபடி ஓடத் தொடங்கியது. சிவப்பு ஸ்வெட்டர் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. துவைத்ததில் சுருங்கிவிட்டதாக அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அதையும் அவன் நம்பவில்லை.