பிலிப்பு எடுத்த படகு

அணை நிறைந்துவிட்டால் அக்கரை வீடுகளுக்குப் பாதை கிடையாது. மலையைச் சுற்றிப் போகும் வழியில் இருந்த தரைப்பாலம் ஒரு மழையில் அடித்துக்கொண்டு போனதோடு சரி. பரிசலை நம்பித்தான் எல்லோரும் இருந்தார்கள். அந்தப் பரிசலும் காற்றில் கவிழ்ந்து, சந்தைக்குப் போன அம்மாசி செத்துப்போனார். அதற்குப் பிறகு சங்கராபுரத்து வியாபாரி ஒருவர் ஊருக்கு மோட்டார் படகு வாங்கித் தருவதாகச் சொன்னார். எந்தப் படகு என்பதைப் பிலிப்புவிடம் விட்டார்கள். கடலூரில் பல வருஷம் படகோட்டிவிட்டு, மனைவி ஆனந்தமேரியின் ஊரான இந்த அக்கரைக்கே வந்து தங்கிவிட்டவன் அவன்.

கடலூரில் படகு கட்டும் இடத்துக்குப் புருஷனும் மனைவியும் போனார்கள். ஒரே நீளத்தில் இரண்டு படகுகள் இருந்தன. ஒன்றுக்கு அடிப்பாகம் பலகைபோலத் தட்டை. மற்றதற்கு ஏர்க்கொழுபோல நடுவில் கூர். ஆனந்தமேரி தட்டைப் படகில் ஏறி நின்று பார்த்தாள். ஆடவே இல்லை.

"இதயே எடுங்க. வயசானவங்க ஏறி எறங்கறதுக்கு தோதா இருக்கு" என்றாள்.

"காத்துல இது தண்ணிய அறைஞ்சிக்கினே போவும் மேரி. கூரா இருக்கறதுதான் அலைய கிழிச்சிக்கினு போவும். இன்னொருத்தர் சாவக்கூடாது."

அவள் தட்டைப் படகிலிருந்து இறங்கினாள். படகில் அவனுக்குத் தெரியாதது இல்லை என்று நம்பினாள். கூரடிப் படகு வந்தது.

அந்த மழைக்காலம் முழுக்கப் பிலிப்பு தலை நிமிர்ந்து நடந்தான். ஐப்பசிக் காற்றிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பயமில்லாமல் போய்வந்தார்கள். தை முடிந்து, பாசனத்துக்குத் திறந்துவிட்டதில் அணைத் தண்ணீர் குறையக் குறையக் கரை நெடுகச் சேறு விரிந்தது. படகின் கூர் சேற்றில் செருகிக்கொண்டது. ஆட்களைத் தூரத்திலேயே இறக்கிவிட வேண்டியிருந்தது. முழங்கால் சேற்றில் நடந்தவர்கள் முணுமுணுத்தார்கள். மழை வந்தால் சரியாகிவிடும் என்று பிலிப்பு சமாதானம் சொன்னான்.

பங்குனியில் ஒரு பிற்பகல், மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஆனந்தமேரியைக் கண்ணாடிவிரியன் கடித்தது. பிலிப்பு அவளைத் தூக்கிக்கொண்டு சேற்றைத் தாண்டிப் படகில் கிடத்தினான். போனில் சொன்னதால் எதிரே ரோட்டுக் கரையில் ஆம்புலன்ஸ் வந்து நின்றிருந்தது. நடு ஆழத்தில் படகு பறந்தது. கரைக்கு ஒரு கூப்பிடு தூரம் இருக்கும்போது அடி தட்டி, அப்படியே நின்றுவிட்டது.

எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கழியால் உந்தினான். அசையவில்லை. குதித்து முதுகு கொடுத்துத் தள்ளினான். கூர் இன்னும் ஆழமாகத்தான் இறங்கியது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். தொடைவரை புதைந்தது. ஒரு காலைப் பிடுங்கினால் மறுகால் உள்ளே போனது. கரையிலிருந்து ஓடிவந்தவர்களும் பாதியிலேயே சிக்கிக்கொண்டார்கள்.

"எனக்கு கண்ணு மங்குதுங்க" என்றாள் ஆனந்தமேரி. பிறகு பேசவில்லை.

கரையேறியபோது வெயில் தாழ்ந்துவிட்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் பிரிந்தது.

ஊரில் ஒருவரும் அவனைக் குறை சொல்லவில்லை. தட்டைப் படகாக இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று அவன் டாக்டரிடம் கேட்டானாம். சீக்கிரம் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று மட்டும் அவர் சொன்னாராம். அடக்கத்துக்கு வந்த மகள் செலினா தன்னோடு வந்து இருக்கச் சொல்லி எவ்வளவோ கேட்டாள்.

"அவ சொன்னாம்மா. நான்தான் கேக்கல" என்றான். செலினா தனியாகத்தான் திரும்பிப் போனாள்.

படகுச் சாவியை ஊர் இளைஞன் அன்புச்செல்வனிடம் கொடுத்துவிட்டான். இப்போது படகை அவன்தான் ஓட்டுகிறான். மறுபடி மழை பெய்து அணை நிறைந்துவிட்டது. பிலிப்பு தண்ணீர்ப் பக்கம் வருவதில்லை. மரவள்ளிக் காட்டில் களை மண்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து கொடுத்தனுப்பும் சோறு பல நாள் மூடியபடியே ஆறிக் கிடக்கிறது.