இரண்டாம் அங்கத்தில் ஒரு பொன்னாடை

பாஸ்நாக்ட் என்னும் மாறுவேடத் திருவிழாவின் ஊர்வலத்துக்காக நேற்று மகளுக்கு மீசை ஒட்டிவிட்டேன். அந்தப் பசையின் மணம் மூக்கில் ஏறியதும், நாங்கள் குடியேறிய துன் நகரத்து மண்டபம் ஒன்றில் மீசையோடு நின்ற இருபது வயதுக்காரியாகிவிட்டேன். பெண்பிள்ளைக்கு ஏன் மீசை என்கிறீர்களா? சொல்கிறேன்.

2009இல் ஊரில் போரோடு எல்லாம் முடிந்த பிறகு அப்பா சிரிப்பதை விட்டிருந்தார். ஹோட்டல் சமையலறைக்குப் போவார், வருவார், செய்தி பார்ப்பார். அவருக்கு முன்னால் நாங்களும் பல்லைக் காட்டுவதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு மூன்று வருடம் கழித்து நான் போய்ச் சேர்ந்ததோ, இங்கிலாந்துக்காரர்கள் நடத்திய ஒரு சிரிப்பு நாடகக் குழுவில்! அப்பாவிடம் “ஒபரா”, அதாவது இசை நாடகம், என்று மட்டும் சொல்லி வைத்தேன்; சிரிப்பைச் சொல்லவில்லை.

குழுவை நடத்திய பீட்டர், ஒத்திகை இடைவேளைகளில், எங்கள் நாடகத்துக்கு மெட்டமைத்த இசையமைப்பாளரின் கதையைச் சொல்வார். விக்டோரியா மகாராணி காலத்து மனிதர், இராணுவ வாத்தியக்காரரின் மகன். பெரிய, கனமான இசை எழுதிப் பேர் வாங்க ஆசைப்பட்டார். சனமோ அவருடைய வேடிக்கை நாடகங்களுக்குத்தான் முண்டியடித்தது. பாட்டெழுதியவரோடு நாடக அரங்குக்கு வாங்கிய ஒரு கம்பளத்தின் செலவை வைத்துச் சண்டை வேறு. சிறுநீரக நோவில் துடித்துக்கொண்டே துள்ளல் மெட்டுப் போடுவாராம். அதைக் கேட்டபோது ஏனோ எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது.

நாடகத்தன்று அப்பா கோட்டுப் போட்டு முன்வரிசையில் இருந்தார். நான் சிப்பாய் வேடத்தில் வந்தேன். வியர்வையில் மீசை ஒரு பக்கம் தொங்கியது. அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. தொலைந்தேன் என்று நினைத்தேன்.

இடைவேளை முடிந்து, இரண்டாம் அங்கம் தொடங்க, பீட்டர் வாத்தியங்களை நடத்தும் கோலை உயர்த்தினார். அப்பா எழுந்தார். எங்கள் விழாக்களில் பாதியில்தானே பெரியவரைக் கௌரவிப்போம்! பையிலிருந்து சரிகைப் பொன்னாடையை எடுத்துக்கொண்டு நேரே நடந்தார்.

“அப்பா, இருங்கோ!” என்றேன் திரைக்குப் பின்னால். யார் கேட்டது?

பீட்டர் திகைத்தாலும் குனிந்து தோளைக் கொடுத்தார். அதைப் போர்த்தியபடியே வாத்தியங்களைத் தொடக்கினார். முதல் வீச்சிலேயே பொன்னாடையின் நுனி வயலின்காரியின் தாள்தாங்கியில் கொளுவி, இசைத்தாள்களெல்லாம் பறந்தன. மண்டபமே சிரிப்பில் வெடித்தது. அப்பா முதலில் கையால் வாயைப் பொத்தினார். பிறகு முடியவில்லை. தோள் குலுங்க, கண்ணீர் வரச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

வீடு திரும்பும் பஸ்ஸில் அப்பா சொன்னார்: “சிரிச்சா செத்த சனத்துக்குத் துரோகம் எண்டு நினைச்சிருந்தன், பிள்ளை.”

“இப்ப?”

“உன்ர மீசையைப் பாத்தும் எப்பிடியடி சிரிக்காம இருக்கிறது?”

பிறகு பீட்டர் பொன்னாடையோடு இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். குழு கலைந்தது. மண்டபத்தில் இப்போது உடற்பயிற்சி நிலையம். எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்த அந்த மௌனமும் போய்விட்டது. அப்பா புரைக்கேறும்வரை சிரிக்கிறார். அம்மா அவருடைய உச்சந்தலையில் தட்டிக்கொண்டே ஏசுகிறார்.