இருபத்தைந்தாவது தோட்டா

என்னிடம் ஒரு ரிவால்வர் இருந்தது என்று சொன்னால் இப்போது பழகுகிறவர்கள் நம்புவதில்லை. பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதினாலே திடுக்கிடுகிற ஆள் நான். அருமனையில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்த காலத்தில் வாரக் கடைசியில் ரொக்கத்தோடு மலையோரச் சாலைகளில் போக வேண்டியிருந்தது. என்னைப் போல ஒரு வியாபாரியை வழிமறித்து வெட்டினார்கள். அதன் பிறகு விண்ணப்பம் போட்டு, போலீஸ் விசாரணை முடிந்து, உரிமத்தோடு வாங்கியது அது. ஒரு சாண் நீளம்கூட வராது. ஒருமுறைகூட நான் அதை வைத்துச் சுட்டதில்லை. வாங்கிய நாளிலிருந்து வழிப்பறிக்காரனைப் பற்றிய பயம் போய் துப்பாக்கியைப் பற்றிய பயம் வந்துவிட்டது.

தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைப்பேன். முடிந்ததும் திரும்ப வாங்குவேன். மாதம் பிறந்தால் பீரோவைத் திறந்து தோட்டாக்களை எண்ணுவேன். இருபத்தைந்து. வீட்டிலுள்ள சாவிகள், தென்னையில் விழுந்த தேங்காய், மாடிப்படி என்று எதையும் எண்ணுகிறவன்தான் நான். ஆனால் தோட்டாவை எண்ணும்போது மட்டும் உள்ளங்கை வேர்க்கும்.

வியாபாரத்தை விட்ட பிறகு அதை விற்றுவிடத் தீர்மானித்தேன். கை நடுக்கம் ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. உரிமம் என் பெயரில் இருக்கிறது. நான் செத்த மறுநிமிடம் அந்தச் சாமான் என் மனைவி தலையில் விழும். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். போலீஸ் வாசலில் வந்து நிற்க, அவள் பீரோச் சாவியைத் தேடிக்கொண்டிருப்பதை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் கெட்டது. கலெக்டர் ஆபீசில் எழுதிக் கொடுத்து, பலமுறை நடந்து, விற்கத் தடையில்லை என்று தாள் வாங்கினேன். உரிமம் பெற்ற ஆயுதக்கடை வெளியூரில் இருந்தது. கடைக்காரர் போனில், "துப்பாக்கி, லைசென்ஸ், தோட்டா மூணும் வரணும் சார். லைசென்சுல உள்ள எண்ணிக்கையும் கையில உள்ள எண்ணிக்கையும் ஒத்துப் போகணும்" என்றார்.

கிளம்ப வேண்டியதற்கு முந்தின நாள் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மண்டபத்தில் கல்யாணம். காலையில் சட்டை போடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை எண்ணினேன். இருபத்துநாலு. மெத்தையில் துண்டை விரித்துக் கொட்டி ஐந்து ஐந்தாக அடுக்கினேன். கடைசி வரிசையில் நாலுதான் நின்றது.

கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தேன். அங்கும் இல்லை. யாரோ எடுத்திருக்கிறார்கள். எடுத்தவன் கையில் துப்பாக்கியும் இருக்கும். நாளைக்கு எங்கேயோ ஒருவன் சாவான், குண்டு என்னுடையதாக இருக்கும்.

மனைவி பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, உள்ளே வந்தாள். "இன்னும் குளிக்கேலியா? முகூர்த்தம் ஒம்பதரைக்காக்கும்."

"ஒண்ணு கொறையுது."

"அதுவா?" என்றாள், காணாமல் போன கரண்டியைப் பற்றிப் பேசுவதுபோல. "அத நானில்லா எடுத்தேன். ஆயுத பூசைக்கு."

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு வெட்டுகத்தி, பழைய தராசு, அவளுடைய தையல் கத்தரி, ஸ்கூட்டர் சாவி எல்லாம் சந்தனப் பொட்டோடு விளக்கின் முன்னால் இருக்கும். துப்பாக்கியையும் வைப்போம் என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பாள். எண்ணெய் விளக்குப் பக்கத்திலா என்று நான் மறுத்துவிடுவேன். பத்து நாள் முன்னால் இந்த வருஷப் பூஜைக்கும் மறுத்தேன். அன்று நான் துப்பாக்கியைத் துடைத்து வைத்துவிட்டு, பீரோவைப் பூட்டாமல் கை கழுவப் போயிருக்கிறேன்.

"விக்கப் போற சாமானம். ஒரு வருசமாவது பொட்டு வைக்காண்டாமா? நீங்க கண்டா கெடந்து துள்ளுவியோ. அதான் ஒண்ணை எடுத்துப் பொட்டு வச்சு, நெறநாழி நெல்லுக்குள்ள சொருகினேன். அப்பறம் மறந்து போச்சு."

நிறைநாழி என்பது விளக்கின் பக்கத்தில் நெல் நிரப்பி வைக்கிற எங்கள் பித்தளை நாழி. பூஜை அறையைப் பார்த்தேன். விளக்கு மட்டும் நின்றது.

"நாழி எங்க?"

அப்போதுதான் அவள் முகம் மாறியது. "எதிர்வீட்டுக்காரி நேத்து வாங்கிட்டுப் போனாளே. கல்யாணத்துக்கு. அவ நாழி நசுங்கிக் கெடக்காம்."

"நெல்லோடயா?"

"நல்ல காரியத்துக்கு வெறும் நாழியையா குடுப்பாவ?"

மண்டபத்துக்குப் போகும் வழியெல்லாம் அவள் ஒன்றையே சொன்னாள். "நீங்க வாயத் தொறக்காத இருங்க. ஒங்க மொகமே காட்டிக் குடுத்திரும்."

மேடையில் ஆள் உயரக் குத்துவிளக்கு. ஐந்து திரியும் எரிந்தன. அதன் அடியில் எங்கள் நாழி, நெல்லில் செருகிய தென்னம்பூங்குலையோடு நின்றது. பொண்ணும் மாப்பிள்ளையும் அதற்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். ஐயர் எண்ணெய் ஊற்றும்போதெல்லாம் திரி சடசடத்தது. துப்பாக்கியின் ஊசி அடிக்காமல் தோட்டா சும்மா வெடித்துவிடாது என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். ஆனாலும் ஒரு பொறி விழுந்து நெல் கருகி, சூடு உள்ளே இறங்குவதாகவே எனக்குத் தோன்றியது. தோட்டாவின் தலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ என்ற நினைப்பு வந்தபோது எழுந்து கத்திவிடலாமா என்றிருந்தது. கத்தினால் கல்யாணம் நின்றுபோகும், எங்கள் இரண்டு பேரையும் ஜீப்பில் ஏற்றுவார்கள்.

பக்கத்து நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பெண்ணின் தாய்மாமன். எங்கள் ஸ்டேஷன் எஸ்.ஐ.யும் அவர்தான். தேர்தலுக்குத் துப்பாக்கியை அவரிடம்தான் ஒப்படைப்பேன்.

"என்ன மாமா, ஏசிக்குள்ள இருந்து வேர்க்கியோ? சாமானத்தக் குடுத்தாச்சா?"

"நாளைக்குப் போறோம்."

"எண்ணிப் பாத்துக் கொண்டு போங்க. ஒண்ணு கொறஞ்சாலும் கேள்வி நம்ம ஸ்டேஷனுக்குத்தான் வரும். பொறவு ஒங்கள நான் கூட்டிட்டுப் போகணும், நீங்க பேடிச்சு வண்டியிலயே மண்டையப் போட்டிருவியோ." தானே சொல்லித் தானே சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

தாலி கட்டியாயிற்று. அட்சதை போடப் பெண்கள் மேடை ஏறினார்கள். அடுத்ததாக விளக்கும் நாழியும் பெண்ணோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி வரிசையில் நான்காவதாக நின்றாள். அட்சதை போட்டாள். போட்டவள் இறங்காமல் நாழிப் பக்கம் குனிந்தாள்.

"பூங்குலை சாஞ்சில்லா நிக்குது. ஒரு மனுசரும் பாக்கேலியா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அதட்டினாள். ஒரு கையால் குலையைப் பிடித்து, மறு கையை மணிக்கட்டு வரை நெல்லுக்குள் விட்டாள். நெல்மணிகள் மேடையில் சிதறின. வெகுநேரம் துழாவினாள். போட்டோக்காரன் அதையும் படம் பிடித்தான்.

மூடிய கையோடு நேரே என்னிடம் வந்தாள். "கர்ச்சீப்பத் தாங்க, கையெல்லாம் உமி." கொடுத்தேன். துடைப்பதுபோல் துடைத்து, சுருட்டி, என் சட்டைப் பையில் அவளே வைத்தாள். பை ஒரு பக்கமாகத் தொங்கியது.

எஸ்.ஐ. எழுந்தார். "வாங்க மாமா, பந்திக்கு." என் தோளில் கைபோட்டு அழைத்துப் போனார். அவர் விரல்கள் பையின் விளிம்பில் பட்டுக்கொண்டிருந்தன. அன்று சாப்பிட்ட பாயசம் என்னவென்று எனக்கு நினைவில்லை.

வீட்டுக்கு வந்து தோட்டாவைத் துடைத்தேன். குங்குமம் போயிற்று. அடிப்பக்கத்து வரிப்பள்ளத்தில் ஒட்டிய சந்தனம் மட்டும் போகவில்லை. குண்டூசியால் சுரண்டப் பயமாக இருந்தது. அப்படியே பெட்டியில் வைத்தேன்.

மறுநாள் கடைக்காரர் எங்கள் முன்னாலேயே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இதுல என்ன சார் மஞ்சளா?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தயங்கவே இல்லை. "பூசைக்கு வச்சதாக்கும்."

"அதான பாத்தேன்" என்று அதைத் தட்டில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் நிறுத்தியிருந்த துப்பாக்கிகளை அப்போதுதான் கவனித்தேன். அத்தனையின் கட்டையிலும் காய்ந்துபோன சந்தனப் பொட்டு.

இருபத்தைந்து என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். இன்னொரு தடவை எண்ணச் சொன்னேன். எண்ணினார்.

இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டுக்காரி நாழியைத் திருப்பிக் கொண்டுவந்தாள், புது நெல் நிரப்பி. மனைவி விளக்குக்குத் திரி போட்டுக் காத்து நின்றாள். நான் நெல்லைப் பத்திரிகைத் தாளில் கொட்டி, விரலால் பரப்பி, ஒரு மூலை விடாமல் கிளறிப் பார்த்தேன்.

"கெடைச்சுதா?" என்றாள்.

ஒன்றுமில்லை என்று கண்ட பிறகுதான் நாழியை விளக்கின் பக்கத்தில் வைக்கக் கொடுத்தேன்.