மேனேசருக்கு ஒரு தொட்டி

கண்ணாடி மூலையில் பிதுங்கி நின்ற சிலிக்கான் பசையை மகாராணியின் ஆள்காட்டி விரல் ஒரே இழுப்பில் வழித்தது. நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில்தான் பின்னால் தண்ணீர் கசியும். கடைசி மூலையும் முடிந்த பிறகே கை துணியைத் தேடியது.

"தோசைக்கல்லுக்கு நான்கூட இவ்வளவு பாத்து எண்ணெ தடவ மாட்டேன்" என்றாள் முருகம்மாள்.

"உங்க தோசை கசியாதுக்கா" என்றாள் மகாராணி.

மகாராணியின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. கொடைக்கானலில் ஜன்னல் கண்ணாடி வெட்டும் கடையில் கூலிக்குச் சேர்ந்து, அங்கே கைவந்த தொழிலை வைத்து மீன்தொட்டி செய்யத் தொடங்கினாள். தண்ணீரின் குணத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை. செத்துப்போன மீன்கள்தான் கற்றுக் கொடுத்தன.

முருகம்மாள் கிளாவரை என்ற மலைக்கிராமத்துக்காரி. ஏரிச் சாலை ஓட்டல் ஒன்றில் சமையல். அங்கே வரவேற்பறையில் இருந்த மீன்தொட்டியை எடுத்துவிட்டு டிவி வைத்தார்கள். தொட்டியிலிருந்த இரண்டு தங்கமீன்களையும் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து, பிஸ்கட் சாடி ஒன்றைப் பளபளவென்று கழுவி அதில் விட்டாள். ஒன்று செத்து மிதந்தது. மற்றது இப்போது வாளியில் இருந்தது. ஓட்டல் மேனேசரைப் போல வாயைத் திறந்து திறந்து மூடுவதால் அதற்கு மேனேசர் என்று பெயர். முருகம்மாளுக்குப் புருஷன் இல்லை, மகள் திருப்பூரில் வாக்கப்பட்டுவிட்டாள். வேலை முடிந்து வந்தால் பேச்சுத்துணைக்கு மேனேசர்தான்.

பசை காய்ந்ததும் தொட்டி முருகம்மாளின் வீட்டுக்கு வந்தது. குளோரின் போக ஒரு நாள் பிடித்து வைத்த தண்ணீர், ஹீட்டர், காற்று மோட்டார், அதில் மாட்டிய பஞ்சு எல்லாம் ஆயிற்று. மகாராணி பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். பாட்டில் என்பது அவள் வாயில் அம்மாவின் இலங்கைத் தோட்டத்துச் சொல்லாக, போத்தல் என்றுதான் வரும்.

"இந்தப் போத்தல்ல என்னா இருக்குன்னு சொன்னா வையக்கூடாது. கிருமி."

"அடியே, கிருமிய ஒழிக்கிறதுதான் எனக்குப் பொழுதன்னைக்கும் சோலி. நீ அத வாங்கிட்டு வந்து ஊத்துறியா?"

"தயிருக்கு உறை ஊத்துறீங்கல்ல, அது மாதிரிதான். மீனோட கழிவு தண்ணியில நஞ்சா நிக்கும். இது பஞ்சுல குடியேறி அத தின்னுரும். இதுக்கும் மூச்சுக்குக் காத்து வேணும், அதான் மோட்டாரு. சாடியில இது இல்லாமத்தான் ஒண்ணு போச்சு."

"ஒன் கடைத் தொட்டிப் பஞ்சக் குடுத்தா ஆகாதா?"

"அங்க வெள்ளைப்புள்ளி நோய் கெடக்கு. மேனேசருக்கும் ஒட்டிக்கிரும்."

பாதியை ஊற்றினாள். கிருமிக்குத் தீனியாக, தண்ணீரில் அழுகட்டும் என்று ஒரு சிட்டிகை மீன் தீவனமும் போட்டாள். "நான் சொல்றவரைக்கும் மேனேசர் வாளியிலயே இருக்கட்டும், இது என் தொட்டி. கை வைக்கக் கூடாதுக்கா."

அடுத்த வாரம் வந்தபோது பஞ்சு வெள்ளைவெளேரென்று இருந்தது.

"கழுவினீங்களா?"

"கொழகொழன்னு கெடந்துச்சுத்தா. மேனேசர் அதுலயா இருப்பாருன்னுட்டு, வெந்நியில ஒரு அலசு..." மகாராணியின் முகத்தைப் பார்த்ததும் முருகம்மாளின் குரல் இறங்கியது. "எல்லாம் வெந்துபோச்சா?"

"வெந்துபோச்சு."

மகாராணி பாட்டிலைத் திறந்தாள். மிச்சப் பாதியையும் ஊற்றினாள். வாளியை எட்டிப் பார்த்தாள். முருகம்மாள் தவறாமல் தண்ணீர் மாற்றியும் மேனேசர் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடந்தார். போட்ட தீவனம் அப்படியே இருந்தது. இந்தப் பாதியும் பிடிக்காவிட்டால் வேறு பாட்டில் திண்டுக்கல்லிலிருந்து வந்தாக வேண்டும். அதுவரை அவர் தாங்குவார் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அது ஊரெங்கும் நாள்தோறும் கரண்டு போன வருஷம். மறுநாள் மத்தியானம் கடையில் விளக்கு அணைந்ததும் மகாராணிக்குத் தொட்டிதான் நினைவுக்கு வந்தது. ஹீட்டர் நின்றால் குளிரில் கிருமி சுருண்டுவிடும். மோட்டார் நின்றால் அதற்கு மூச்சு இல்லை. கடையைச் சாத்திவிட்டு ஓடினாள்.

தொட்டியைச் சுற்றி ஒரு கம்பளி. ஸ்டூல் மேல் நின்றிருந்த முருகம்மாள் தொட்டித் தண்ணீரையே கரண்டியில் மொண்டு, கையை உயரத் தூக்கி, நுரை பொங்கப் பஞ்சின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னாக்கா இது?"

"குளுருல மாவு பொங்கலன்னா கம்பளிதானே சுத்துவோம். மூச்சுக்குக் காத்து வேணும்னு நீதானே சொன்ன? அதான் டீ ஆத்துற மாதிரி ஆத்துறேன். கை வச்சிட்டேன்னு வையாத."

கம்பளி சுற்ற வேண்டும் என்று மகாராணிக்கே தோன்றியிருக்கவில்லை. அடுப்படியிலிருந்து ஒரு டம்ளரைக் கழுவி எடுத்து வந்து அவள் பக்கத்தில் நின்றாள். கரண்டு வரும்வரை இருவரும் மாறி மாறி ஆற்றினார்கள். பிறகு கரண்டு போன நாளெல்லாம் அப்படியே நடந்தது. பஞ்சு மறுபடி பழுப்பேறியது. முருகம்மாள் அதைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ஒரு காலையில் மகாராணி தொட்டித் தண்ணீரை இரண்டு சின்னக் குழாய்களில் எடுத்துச் சோதனை மருந்தைச் சொட்டினாள். நஞ்சு இருந்தால் ஒன்று பச்சையாகும், மற்றது ஊதாவாகும். முந்தின முறை வரை அப்படித்தான் ஆகியிருந்தது. இருவரும் காத்திருந்தார்கள். ஒன்று மஞ்சளிலேயே நின்றது. மற்றது வெளிர் நீலத்திலேயே நின்றது.

"வெரசா விடுவோமா?" முருகம்மாள் வாளியைப் பக்கத்தில் இழுத்தாள்.

"மெதுவா. ரெண்டு தண்ணியும் ஒரே சூட்டுக்கு வரட்டும்."

வாளியில் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்த பிறகு, முருகம்மாள் இரு கைகளாலும் ஏந்தி மேனேசரை இறக்கினாள். அவர் அடியில் போய்க் கிடந்தார். பிறகு ஒடுங்கிய துடுப்பை விரித்தார். கண்ணாடி ஓரமாக வந்து, வாயைத் திறந்து மூடினார்.

மகாராணி தொட்டி மூடியைத் துணியால் துடைத்து முருகம்மாளின் ஈரக் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்கக்கா. இனி இது உங்க தொட்டி."