பித்தளைப் பம்பும் காஸ்டிக் சோடாவும்

அழுக்கு எங்கேயும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு, பம்பு வைத்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் தொழிலுக்கு வருகிறவன், முதல் வருடம் கழுவுவது தன் மானத்தைத்தான்.

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த புதிதில், மில் குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு நான் இதில் இறங்கினேன். கூட்டாளி லூர்து அண்ணன், தோணி எஞ்சின்களுக்கு மெக்கானிக். என் மாமனாருக்கு மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம். "தைக்குள்ள இது நிக்கலைன்னா நம்ம கடையில வந்து உக்காந்துருங்க மாப்ள" என்று தவணை கொடுத்துவிட்டார். நல்ல மனிதர், நல்ல கடை. ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு ஸ்டூலை அப்போதே போட்டுவிட்டார். அது கண்ணில் படக் கூடாதென்று அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன். மாமனார் கடையில் ஸ்டூல் காத்திருக்கும் அன்பர்களுக்கு என் பாடு புரியும்.

இரும்பா, பித்தளையா?

மதுரைக் கடையில் இரண்டு பம்பு காட்டினார்கள். ஒன்று பித்தளை, கைக்கு அடக்கமாக இருந்தது. இன்னொன்று வார்ப்பிரும்பு, இரண்டு ஆள் சேர்ந்தால்தான் அசையும். லூர்து அண்ணன் பித்தளையைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். பார்க்கிறவனுக்கு ஒரு மரியாதை வர வேண்டாமா என்று நான்தான் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நம் ஊர் உப்புக் காற்று சும்மா இருக்குமா? இருபது நாளில் பம்பு துருப்பிடித்துக் கருவாட்டு நிறத்துக்கு வந்துவிட்டது. பீய்ச்சினால் முதல் ஐந்து நிமிடம் காப்பித் தண்ணீர்தான் வரும். கடைசியில் மதுரைக்கே தூக்கிக்கொண்டு போய், நஷ்டத்துக்கு மாற்றிப் பித்தளையை வாங்கி வந்தோம். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு லூர்து அண்ணன் சொன்னார்: "ஏலே செல்லையா, அழுக்க எடுக்க மெஷின் வாங்கணும்லே, அழுக்கு போடுத மெஷின வாங்கிட்டு அலையுதியே!"

பெயர் போன லாரி

முதல் பெரிய வேலை ஓர் உப்பு லாரி. பத்து வருடக் கிரீஸ் பிசுக்கு அதில் அப்பிக் கிடந்தது. சவுக்காரக் கரைசலே போதும் என்றார் லூர்து அண்ணன். காஸ்டிக் சோடா பிசுக்கைப் பிய்த்து எடுக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, நான் வாளிக்கு இரண்டு கை கூடுதலாகவே போட்டேன்.

பிசுக்கு போனது. கூடவே பச்சைப் பெயிண்ட் போனது, முன்னால் எழுதியிருந்த சாமி பெயர் போனது, கதவில் இருந்த முதலாளி பெயரும், பின்னால் எழுதியிருந்த நம்பரும் போயின. வெறும் தகரமாக நின்ற லாரியை அதன் முதலாளி அண்ணாச்சி மூன்று சுற்று சுற்றி வந்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. நிதானமாகக் கேட்டார்: "வண்டி சுத்தமாத்தாம்ல இருக்கு. இது எவன் வண்டின்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

தோணியும் பஞ்சும்

கரையேற்றி வைத்திருந்த ஒரு தோணியின் அடியில் பாசியும் சிப்பியும் அடை அடையாக ஒட்டியிருந்தன. மருந்தே வேண்டாம், வேகம் போதும் என்று பம்பை முழு அழுத்தத்தில் வைத்தேன். லூர்து அண்ணன் டீசல் வாங்கப் போயிருந்தார். சிப்பி பறந்தது. பின்னாலேயே வெள்ளை வெள்ளையாக வேறு ஏதோ பறந்தது. அதுவும் அழுக்குதான் என்று இன்னும் நெருங்கி நின்று அடித்தேன்.

தோணிக்காரர்கள் பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் பூசி அடைப்பார்கள். கலப்பத்து என்று பெயர். ஒரு மாத வேலை அது. அரைமணி நேரத்தில் நான் அதைக் கடற்கரை முழுக்கத் தூவியிருந்தேன். டீசலோடு வந்த லூர்து அண்ணன் டின்னைக் கீழே வைத்துவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். தோணியை நடத்தும் தண்டல், பலகை இடுக்கு வழியாக எதிர்ப்பக்கத்து வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, வெளியதான கழுவச் சொன்னேன். உள்ளயும் வெளியயும் ஒண்ணாக்கிட்டியே!"

கறுப்புக் கல்

தைக்கு இரண்டு மாதம். ஒரு ஜவுளிக்கடை முகப்பு, முழுக்கக் கறுப்புக் கடப்பாக்கல். இந்த முறை சர்வ ஜாக்கிரதை. காஸ்டிக் கிடையாது, பாதி அழுத்தம்தான். கழுவி முடித்தபோது தலை வாரிக்கொள்ளலாம் போல மின்னியது. தண்ணீர் மட்டும் பக்கத்துக் கிணற்றில் எடுத்தோம். கடலுக்கு நாலு தெரு தள்ளி இருந்த கிணறு.

மறுநாள் காலையில் கல் முழுவதும் வெள்ளை பூத்திருந்தது. துடைத்தால் போய்விடும், காய்ந்தால் திரும்ப வந்துவிடும். அன்றைக்கே லூர்து அண்ணன் முன்னால் சபதம் எடுத்தேன்: இனி நல்ல தண்ணீர் தவிர வேறு தண்ணீரைத் தொட மாட்டேன். கடை முதலாளி அண்ணாச்சி ஒரு விரலால் கல்லைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "கடையக் கழுவச் சொன்னேன் தம்பி, உப்பளம் போடச் சொல்லலையே" என்றார்.

நிலக்கரிக் கப்பல்

தைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கப்பல் ஏஜெண்ட் ஒருவர் மூலம் கப்பல் வேலை வந்தது. நிலக்கரி இறக்கிய கப்பல். சரக்குப் போடும் அடித்தளத்தைக் கழுவிச் சாயங்காலம் நாலு மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். தவறினால் அந்த ஏஜெண்ட் இனி கூப்பிட மாட்டார், எனக்கும் ஸ்டூலைத் தவிர போக்கிடம் கிடையாது. பெயிண்டுக்குப் பயந்து சவுக்காரக் கரைசல், அளவான அழுத்தம், தாமிரபரணித் தண்ணீர் இரண்டு லாரி என்று கணக்காக ஏற்பாடு செய்தேன். முதல் லாரித் தண்ணீர் பாதித் தளத்துக்கே தீர்ந்துபோனது. இரண்டாவது லாரி வழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டதாக ஆள் வந்து சொன்னான்.

மணி இரண்டு. லூர்து அண்ணன் பம்பின் குழாயைத் தூக்கிக் கடலில் போடப் போனார். நான் குறுக்கே விழுந்து மறித்தேன். உப்புத் தண்ணீர் ஆகாது, சபதம் என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் என்னை ஒரு கையால் விலக்கிவிட்டுக் கேட்டார்: "ஏலே, நாளைக்கு இதுல என்னத்தல ஏத்தப் போறான்?"

உப்பு. கல்கத்தாவுக்கு உப்பு ஏற்றப் போகிறார்கள். காலையிலிருந்து சுற்றிலும் உப்பு மூட்டையாகக் குவிந்து கிடந்தது, எனக்குத்தான் கண் தெரியவில்லை.

கடல் தண்ணீர் பீய்ச்சியடித்தோம். கோணித் துணியால் துடைத்தோம். நாலு மணிக்குக் கப்பல் அதிகாரி இறங்கி வந்து, வெள்ளைக் கைக்குட்டையால் சுவரைத் தேய்த்துப் பார்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே திரும்பியது. அவர் ஏதோ இங்கிலீஷில் கேட்டுச் சிரித்தார். ஏஜெண்டின் ஆள் என்னிடம் வந்து, "சுத்தம் சரிதானாம். உப்பு ஏத்துத எடத்தக் கழுவ நல்ல தண்ணி லாரி எதுக்கு வந்துச்சுன்னு கேக்காரு, நா என்னத்தச் சொல்ல?" என்றார்.

வத்தல் கிட்டங்கி

ஏஜெண்ட் அடுத்த கப்பலையும் எங்களிடமே கொடுத்தார். தை பிறந்த மறுநாள் மாமனார் வீட்டுக்கு வந்தார். வத்தல் நெடி அவருக்கு முன்னாலேயே உள்ளே வந்துவிட்டது. "நம்ம வத்தல் மூட்டை அடுக்குத கிட்டங்கியில தரை பூராப் பிசுக்கு மாப்ள. உங்களுக்கு எப்ப ஒழியும்?" என்று கேட்டார். எனக்கு எப்போது நேரம் ஒழியும் என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது, வத்தல் நெடி என்று சமாளித்தேன்.

பட்டறிவு சும்மா விடுமா? "கழுவுன பெறகு அங்கன என்ன மாமா வைக்கப் போறீங்க?" என்றேன்.

"வத்தல்தான் மாப்ள. பின்ன, உங்களையா வைக்கப் போறேன்?"

எந்தப் பம்பு, எந்த மருந்து, எந்தத் தண்ணீர் என்பதெல்லாம் பிறகு, கழுவிய இடத்தில் ஸ்டூல் போட்டு நம்மை உட்கார வைக்க மாட்டார்கள் என்று தெரிந்தால் போதும், தைரியமாகக் குழாயைத் திறக்கலாம்.